ஒரு சாண் மரத்துக்கு எந்த மண்?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் உள்ள நாடுகளுள் ஒன்று தேவனூர் நாடு. அங்கே பள்ளத்தாக்கின் அடியில் நெல் வயல்கள். சரிவுகளில் சாமையும் மரவள்ளியும் காப்பியும். சில்வர் ஓக் மரங்களின்மேல் படர்ந்த மிளகுக் கொடிகள். பெய்வது ஒரே மழை. நிலமும் பெரும்பாலும் ஒரே பாறையிலிருந்து பிறந்த செம்மண்தான். ஆனால், நெற்பயிர் கணுக்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு செழிக்கிறது. மிளகுக் கொடியின் அடியில் சில நாள் நீர் தேங்கினாலோ வேர் அழுகிக் கொடி வாடிவிடுகிறது. ஏன் இந்த வேறுபாடு?

நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றறைத் திசு என்னும் குழாய் அமைப்பு உண்டு. இலை வழியாக நுழையும் ஆக்சிஜன் இக்குழாய்களின் வழியே வேர்நுனி வரை இறங்குகிறது. தன் காற்றைத் தானே கொண்டுசெல்லும் பயிர் அது. மிளகுக்கோ, புளிக்கோ, எலுமிச்சைக்கோ இந்த வசதி இல்லை. அவற்றின் வேர்கள் மண்ணின் இடுக்குகளில் உள்ள காற்றையே சுவாசிக்க வேண்டும். அந்த இடுக்குகளில் நீர் நிறைந்துவிட்டால் வேர் மூச்சுத் திணறுகிறது. பலம் இழந்த வேரைப் பூஞ்சைகள் எளிதில் தாக்குகின்றன.

தோட்டத்திலும் காட்டிலும் இந்த ஆபத்து சில இடங்களில்தான். ஆனால், ஓர் ஆலமரத்தையோ புளியமரத்தையோ ஐந்து செ.மீ. ஆழமுள்ள தட்டில் வைத்து வளர்க்க முற்பட்டால் ஒவ்வொரு நாளும் இதே ஆபத்துதான். ஜப்பானியர் ‘போன்சாய்’ என்று அழைக்கும் குறுமரக் கலை இன்று நம் நாட்டிலும் பரவி வருகிறது. ஆர்வத்தோடு தொடங்குபவர்களின் மரங்களுள் பல முதல் மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை. ‘நாள் தவறாமல் நீர் ஊற்றினேனே, பிறகும் ஏன் பட்டுப்போயிற்று?’ என்று கேட்பார்கள். பெரும்பாலும் விடை அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. மரம் தாகத்தால் சாகவில்லை. மூச்சு முட்டிச் செத்தது. குறுமரத்துக்கு மண் தேர்ந்தெடுப்பது தோட்டக்கலைப் பிரச்சினை என்பதைக் காட்டிலும் இயற்பியல் பிரச்சினை என்று சொல்வதே பொருந்தும்.

வேரும் சுவாசிக்கிறது

இலை ஒளிச்சேர்க்கை செய்கிறது. வேருக்கு அந்தத் திறன் கிடையாது. இலையிலிருந்து வரும் சர்க்கரையை ஆக்சிஜன் கொண்டு எரித்துத்தான் அது ஆற்றல் பெறுகிறது. கரியமில வாயுவை வெளிவிடுகிறது. உப்புச் சத்துகளை உறிஞ்சுவதற்கும் புது வேர் விடுவதற்கும் இந்த ஆற்றல் தேவை. பத்து டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் வேரின் சுவாசம் ஏறத்தாழ இரு மடங்காகிறது.

இனி ஆக்சிஜன் எவ்வளவு கிடைக்கிறது என்று பார்ப்போம். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உள்ளது. 25 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பது 8 மில்லிகிராமுக்குச் சற்றே அதிகம். முப்பதில் ஒரு பங்குதான்! அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. ஓரிடத்தில் செலவான ஆக்சிஜனுக்கு ஈடாக வேறிடத்திலிருந்து புதிய ஆக்சிஜன் விரவி வர வேண்டும். இந்த விரவல் காற்றில் நடக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் நடப்பது பதினாயிரத்தில் ஒரு பங்கு. எனவே, நீர் நிறைந்த மண்ணில் வேர் தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜனை விரைவில் தீர்த்துவிடுகிறது. மேலும் வருவதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

பழைய கோயில் மதில்களிலும் வீட்டுச் சுவர்களிலும் ஆலும் அரசும் முளைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மண் என்று சொல்ல ஏதுமில்லை. செங்கல்லின் வெடிப்பில் சிறிது தூசி, சிறிது ஈரம், நிறையக் காற்று, அவ்வளவே. ஆயினும் அந்த மரங்கள் பல ஆண்டுகள் வாழ்கின்றன. வேருக்கு எது முதல் தேவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

தட்டின் அடியில் தேங்கும் நீர்

தட்டின் அடியில் துளை இருக்கிறதே, மிகுந்த நீர் வடிந்துவிடாதா என்று கேட்கலாம். முழுவதும் வடியாது. இதனை ஓர் எளிய சோதனையால் காணலாம்.

செவ்வக வடிவமான, தடித்த நுரைப்பஞ்சு ஒன்றை நீரில் அமுக்கி நன்றாக ஊறவிடுங்கள். அதைக் கையில் படுக்கைவாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். நீர் சொட்டிச் சொட்டிப் பிறகு நின்றுவிடும். இப்போது பஞ்சைப் பிழியாமல், நீண்ட விளிம்பு கீழே வருமாறு திருப்புங்கள். மீண்டும் நீர் வழியும். நின்றபின், குறுகிய விளிம்பு கீழே வருமாறு நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் வழியும். பஞ்சு அதே பஞ்சுதான். துளைகளும் அதே துளைகள்தான். மாறியது உயரம் ஒன்றே.

இதற்குக் காரணம் நுண்புழை விளைவு. மெல்லிய கண்ணாடிக் குழாயை நீரில் வைத்தால் பரப்பு இழுவிசையால் நீர் குழாய்க்குள் ஏறி நிற்கிறது. குழாய் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு உயரம் ஏறும். இவ்விதியை 1718ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் ஜூரின் தெளிவுபடுத்தினார். நீரைப் பொறுத்தமட்டில் கணக்கு எளிது: துளையின் ஆரத்தை மில்லிமீட்டரில் எடுத்துக்கொண்டு, அதனால் 1.5ஐ வகுத்தால், நீர் நிற்கும் உயரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். ஆரம் 1 மி.மீ. ஆனால் உயரம் 1.5 செ.மீ.; ஆரம் 0.1 மி.மீ. ஆனால் 15 செ.மீ.

மண்ணின் மணிகளுக்கு இடையே உள்ள இடுக்குகளும் இத்தகைய நுண்புழைகளே. மணியின் குறுக்களவில் ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு அந்த இடுக்கின் குறுக்களவு என்று தோராயமாகக் கொள்ளலாம். அப்படியானால், தட்டின் அடியிலிருந்து எத்தனை செ.மீ. உயரத்துக்கு நீர் வடியாமல் நிற்கும் என்பதற்கு ஒரு சுருக்கமான வாய்பாடு கிடைக்கிறது: பத்தை மணியின் குறுக்களவால் வகுக்க வேண்டும்.

ஒரு மி.மீ. மணிகள் என்றால் 10 செ.மீ. உயரத்துக்கு நீர் நிற்கும். தட்டின் ஆழமே 5 செ.மீ.தான், ஆகவே, முழுத் தட்டும் குளம்! இரண்டு மி.மீ. மணிகளுக்கு 5 செ.மீ.; அதுவும் விளிம்பளவு. நான்கு மி.மீ. மணிகளுக்கு 2.5 செ.மீ.தான் நிற்கும், மேல் பாதி காற்றோட்டமாக இருக்கும். நல்ல தோட்ட மண் தரையில் இருக்கும்போது அதன் கீழே பல மீட்டர் மண் இருப்பதால் நீர் கீழே இழுக்கப்படுகிறது. அதே மண்ணைத் தட்டில் போட்டால் சேறாகிவிடுகிறது. மண் கெட்டுவிடவில்லை, உயரம் குறைந்துவிட்டது.

இதிலிருந்து வேறொரு முடிவும் கிடைக்கிறது. வடிகால் நன்றாக இருக்கட்டும் என்று பலர் தொட்டியின் அடியில் கூழாங்கற்களைப் பரப்பி, மேலே மெல்லிய மண்ணைப் போடுவது வழக்கம். சிறு துளைகளில் பிடிபட்ட நீர், கீழே உள்ள பெரிய துளைகளுக்குத் தானாக இறங்காது. மேல் மண்ணின் அடிப்பகுதி நீரால் நிறைந்த பிறகே கூழாங்கல்லுக்குள் சொட்டும். ஆக, தேங்கும் நீரின் மட்டம் கூழாங்கல்லின் உயரத்துக்கு மேலே தூக்கி வைக்கப்படுகிறதே ஒழியக் குறைவதில்லை. வேருக்கு மிஞ்சும் காற்றுள்ள பகுதிதான் குறைகிறது. மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு மணிகளைப் போடுவதே சரியானது. மழைக்காலத்தில் தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் கட்டை கொடுத்துச் சாய்த்து வைத்தால், நுரைப்பஞ்சைத் திருப்பியது போல, மேலும் சிறிது நீர் வடியும்.

இரு வகைத் துளைகள்

பெரிய மணிகள் காற்றைத் தரும். நீரை யார் தருவது? வெறும் கருங்கல் ஜல்லியைத் தட்டில் நிரப்பினால் காற்று தாராளமாக இருக்கும். ஆனால், கோடை வெயிலில் மரம் மாலைக்குள் வாடிவிடும். எனவே, மணிகளுக்கு இடையே பெரிய துளைகளும், ஒவ்வொரு மணிக்குள்ளேயும் மிகச் சிறிய துளைகளும் இருக்க வேண்டும். வெளித்துளை காற்றுக்கு, உள்துளை நீருக்கு.

உள்துளை எவ்வளவு சிறியதாக இருக்கலாம்? பெரும்பாலான செடிகள் சுமார் 15 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமான இழுவிசையோடு மண்ணிலிருந்து நீரை இழுக்க வல்லவை. இது ஏறத்தாழ 150 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்கு ஈடு. நம் வாய்பாட்டில் இட்டுப் பார்த்தால், ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு ஆரமுள்ள துளையில் இருக்கும் நீரையும் வேரால் பெற முடியும் என்று தெரிகிறது. அதற்கும் சிறிய துளைகளில் உள்ள நீர் இருந்தும் இல்லாததே. களிமண்ணில் இத்தகைய மிகச் சிறிய துளைகள் ஏராளம். அதனால்தான் களிமண் ஈரமாகத் தோன்றும்போதே செடி வாடுவதுண்டு.

ஜப்பானியர் இதற்கென்று ‘அகாதாமா’ எனும் மண்ணைப் பயன்படுத்துகிறார்கள். கான்டோ சமவெளியில் எரிமலைச் சாம்பல் படிந்து உருவான செந்நிற அடிமண் அது. அதை வெட்டி எடுத்து, உலர்த்தி, சலித்து, அளவுவாரியாகப் பிரித்து விற்கிறார்கள். 1923ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோ நகரத்துக் குறுமரத் தோட்டக்காரர்கள் நல்ல மண்ணும் நீரும் காற்றும் தேடிச் சைதாமா பகுதிக்குக் குடிபெயர்ந்து, 1925இல் ஒமியா போன்சாய்க் கிராமத்தை நிறுவினார்கள். தட்டிலே ஒரு மரம் எவ்வளவு காலம் வாழ முடியும்? 1625ஆம் ஆண்டு முதல் வளர்க்கப்பட்டு வரும் யமாகி பைன் 1945இல் ஹிரோஷிமாவின் அணுகுண்டு வீச்சுக்கும் தப்பியது. 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக அளிக்கப்பட்டு, வாஷிங்டனின் தேசிய மரப்பூங்காவில் இருந்து வருகிறது. சரியான மண்ணும் கவனமும் இருந்தால் குறுமரத்தின் ஆயுள் மனித ஆயுளுக்குள் அடங்குவதில்லை.

அகாதாமாவை நாம் இறக்குமதி செய்தால் செலவு கட்டுபடியாகாது, தேவையும் இல்லை. அதன் குணங்களைத் தரும் பொருள்கள் நம் காலடியிலேயே கிடக்கின்றன.

கொல்லிமலையின் செம்மண்

கொல்லிமலையின் அடிப்பாறை பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கெட்டியான பாறை. மழையும் வெப்பமும் நெடுங்காலம் அதை அரித்துவந்துள்ளன. எளிதில் கரையும் சுண்ணாம்பு, சோடியம் முதலியவை கழுவப்பட்டுப் போக, இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் எஞ்சுகின்றன. இரும்பு ஆக்சைடே மண்ணின் செந்நிறத்துக்குக் காரணம். அலுமினியம் மிகுந்த உச்சிப் பகுதிகளில் பாக்சைட் கிடைக்கிறது. மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு முற்காலத்தில் இங்கிருந்தும் பாக்சைட் வெட்டி எடுத்துச் செல்லப்பட்டது.

இத்தகைய செம்பூரான் கல்லைக் கேரளத்தின் அங்காடிப்புறத்தில் பிரான்சிஸ் புக்கானன் பார்த்தார். மக்கள் அதை வெட்டிச் செங்கல்லாகப் பயன்படுத்துவதைக் கண்டு, 1807இல் வெளியான தம் நூலில் ‘லேட்டரைட்’ என்று அதற்குப் பெயரிட்டார். ‘லேட்டர்’ என்றால் இலத்தீனில் செங்கல். செம்மண்ணுக்கும் செங்கல்லுக்கும் உள்ள உறவு நமக்கு இன்னும் சற்று நேரத்தில் பயன்படும்.

செம்மண்ணில் ஒரு நல்ல குணம் உண்டு. இரும்பு ஆக்சைடு களிமண் துகள்களை ஒட்டிப் பிணைத்துச் சிறு மணிகளாக்கிவிடுகிறது. அதனால், களிமண் கலந்திருந்தும் செம்மண் ஓரளவு நீர் வடியவிடுகிறது. கரிசல் மண் அப்படியன்று. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். தட்டுக்கு அது ஆகாது. ஆனால், செம்மண்ணின் களிமம் பெரும்பாலும் கயோலினைட் வகை. சத்து அயனிகளைப் பிடித்துவைக்கும் திறன் அதற்குக் குறைவு. மக்கிய இலையுரம் இக்குறையை நீக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் ஆகும். மலைச்சரிவில் கல்லடுக்கி வரப்பிட்டு மக்கள் காத்துவரும் அந்த மண்ணை அழகுச் செடிக்காக மூட்டை மூட்டையாக அள்ளுவது தகாது. காட்டிலிருந்து மக்கும், மரக்கன்றும் எடுப்பது சட்டத்துக்கும் புறம்பானது. வீடு கட்ட வானம் தோண்டும்போது வெளிவரும் அடிமண்ணே குறுமரத்துக்கு ஏற்றது. அதில் களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் குறைவு. கன்று வேண்டுமா? மதிலில் முளைத்துக் கட்டடத்தைப் பிளக்கும் ஆலையும் அரசையும் உரியவரின் அனுமதியோடு எடுத்துக்கொள்ளலாம். மதிலும் பிழைக்கும், மரமும் பிழைக்கும்.

செங்கல்: நம் ஊர் அகாதாமா

செம்மண் மணி எவ்வளவு நல்லதாயினும் நாளடைவில் நீரில் கரைந்து குழையும். அதே களிமண்ணைச் சூளையில் சுட்டால் குழையாது. சுமார் 500 முதல் 600 டிகிரி வெப்பத்தில் களிமத்தின் படிக அமைப்பில் பிணைந்திருந்த நீர் வெளியேறுகிறது. அதற்கும் மேலே சூடு ஏறும்போது துகள்களின் விளிம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இனி அது பழைய களிமண்ணாகத் திரும்பாது. ஆனால், உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் மிஞ்சுகின்றன.

சாதாரணச் செங்கல், ஒரு நாள் ஊறினால், தன் எடையில் இருபது விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. கட்டட வேலைக்கு அந்த வரம்பு தேவை. நமக்கோ அந்த உறிஞ்சும் குணமே மூலதனம்! பதினைந்து விழுக்காடு உறிஞ்சும் செங்கல்லை எடுத்துக்கொண்டால், அதன் கன அளவில் கால் பங்குக்குமேல் நீரைச் சேமித்து வைக்கிறது. ஆற்று மணலின் மணிக்குள் நீர் ஒரு துளியும் புகாது. ஆற்று மணல் அள்ளுவதால் நிலத்தடி நீர் இறங்கும் இக்காலத்தில், நாம் அதை நாடாமல் இருக்க இது இன்னொரு காரணம்.

உடைந்த செங்கல்லும் பழைய நாட்டு ஓடும் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால், மூன்று சோதனைகள் செய்ய வேண்டும்.

முதலாவது, ஓர் இரவு நீரில் ஊறவைத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். குழைந்தால் அது சரியாக வேகாத கல், தள்ளிவிடுங்கள்.

இரண்டாவது, உலர்ந்த துண்டின்மேல் ஒரு துளி நீர் விடுங்கள். துளி உடனே மறைந்தால் நல்லது. கண்ணாடி போல் இறுகிக் கறுத்த கல்லின்மேல் துளி நிற்கும். அது நீரைச் சேமிக்காது.

மூன்றாவது, இடித்த கட்டடத்தின் செங்கல்லானால் சுண்ணாம்போ சிமெண்டோ ஒட்டியிருக்கும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். அது மண்ணைக் காரமாக்கி, இரும்புச் சத்து வேருக்குக் கிட்டாமல் செய்துவிடும், தளிர்கள் மஞ்சளாகும். ஒட்டிய பகுதியைக் கொத்தி நீக்கிவிட வேண்டும்.

மண்ணை அறியும் கண்ணாடிக் குப்பி

செம்மண்ணில் எவ்வளவு களி இருக்கிறது என்று அறிய, நேரான கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். 1851இல் ஸ்டோக்ஸ் கண்ட விதிப்படி, நீரில் விழும் சிறு துகளின் வேகம் அதன் குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.05 மி.மீ. மணல்துகள் பத்து செ.மீ. ஆழத்தை முக்கால் நிமிடத்தில் கடக்கும். 0.002 மி.மீ. அளவுள்ள துகள் அதைவிட 25 மடங்கு சிறியது. ஆகவே, 625 மடங்கு மெதுவாக விழும். எட்டு மணி நேரம் பிடிக்கும். களித்துகள்கள் அதற்கும் சிறியவை.

ஆகவே, முக்கால் நிமிடத்தில் அடியில் படிவது மணல். எட்டு மணி நேரத்துக்குள் அதன்மேல் படிவது வண்டல். பிறகும் நீரைக் கலக்கி நிற்பது களி. குப்பியின்மேல் கோடிட்டு வைத்தால் மண்ணின் கட்டுமானம் கண்ணுக்குத் தெரியும். களி மிகுந்திருந்தால் அந்த மண்ணை உடைத்துச் சலித்து மணிகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சலிப்பதே தலையாய வேலை

ஒரு படி கொண்டைக்கடலையும் ஒரு படி கடுகும் கலந்து அளந்து பாருங்கள். இரண்டு படி வராது. கடலைகளின் இடுக்குகளில் கடுகு புகுந்துகொள்கிறது. காணாமற்போன அளவே முன்பு காற்று இருந்த இடம். குறுமர மண்ணில் தூசியும் பொடியும் சேர்ந்தால் நடப்பதும் இதுவே. எனவே, பொருள்களைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சலிக்காமல் கலந்தால் பயன் இல்லை.

வேலை முறை இது: செங்கல்லையும் செம்மண் கட்டியையும் வெயிலில் நன்றாக உலர்த்துங்கள். செங்கல்லைச் சாக்குப் பைக்குள் வைத்துச் சுத்தியலால் உடையுங்கள். தூசி மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்வது அவசியம். முதலில் ஐந்து மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் சலித்து, மேலே தங்குவதை மறுபடியும் உடையுங்கள். கீழே விழுந்ததை இரண்டு மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் சலியுங்கள். மேலே தங்குவதே நமக்கு வேண்டியது; கீழே விழும் பொடி தோட்டத்துக்குப் போகட்டும். செங்கல் மணிகளை நீரில் அலசி, கலங்கல் நின்றபின் உலர்த்துங்கள். செம்மண் மணிகளை அலசாமல், முறத்தில் புடைத்துத் தூசி நீக்குங்கள்.

மக்கிய பொருள்களுக்கும் கவனம் தேவை. தோட்டத்துச் சில்வர் ஓக் இலைச்சருகை ஓராண்டு மக்கவைத்துச் சலித்துக்கொள்ளலாம். தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும். பல முறை நீர் மாற்றி ஊறவைத்துப் பிழிய வேண்டும். நாமக்கல் பகுதியில் கோழி எரு தாராளமாகக் கிடைக்கிறது. அதைப் பச்சையாக இட்டால் அதிலிருந்து வெளிவரும் அம்மோனியா வேரைக் கருக்கிவிடும். பல மாதம் மக்கியபின் சிறிதளவே சேர்க்கலாம். நார்க்கழிவும் இலைமக்கும் முற்றிலும் காய்ந்துவிட்டால் நீரை ஏற்க மறுக்கும். ஆகவே, கலவையைச் சற்று ஈரமாகவே வைத்திருப்பது நல்லது.

கிருமிகளைப் போக்க, ஈரமான இலைமக்கை இட்லிப் பானையில் அரை மணி நேரம் ஆவியில் வேகவைக்கலாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் நீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனாலும், நோய்ப் பூஞ்சைகளை அழிக்க அந்தச் சூடு போதும்.

மலைக்கு ஒரு கலவை, சமவெளிக்கு ஒரு கலவை

‘சரியான விகிதத்தைச் சொல்லுங்கள்’ என்று கேட்பவர்கள் உண்டு. எல்லா ஊருக்கும் பொருந்தும் விகிதம் ஒன்று இருக்க முடியாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறைகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மலைமேல் வந்தால் காற்று குளிர்ந்தும் ஈரமாகவும் இருப்பதை உணரலாம். அங்கே நீர் மெதுவாக ஆவியாகும். காற்றுள்ள கலவையே வேண்டும். நாமக்கல் நகரத்து மொட்டை மாடியிலோ, சித்திரை வெயிலில் தட்டு சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். நீர் சேமிப்பு கூடுதலாக வேண்டும்.

தேவனூர் நாடு போன்ற மலைப்பகுதிக்குக் கன அளவில் செங்கல் மணி ஆறு பங்கு, செம்மண் மணி மூன்று பங்கு, இலைமக்கு ஒரு பங்கு எனத் தொடங்கலாம். சமவெளிக்குச் செங்கல் மணி ஐந்து பங்கு, செம்மண் மணி மூன்று பங்கு, நார்க்கழிவும் இலைமக்கும் சேர்ந்து இரண்டு பங்கு எனலாம். இவை தொடக்கப்புள்ளிகள் மட்டுமே. முடிவு செய்யவேண்டியது அளவீடு.

அளப்பது எப்படி? உங்கள் தட்டின் துளைகளை மெழுகால் அடைத்து, அதன் கொள்ளளவை நீரால் அளந்துகொள்ளுங்கள். ஆயிரம் மி.லி. என்று வைத்துக்கொள்வோம். தட்டை உலர்த்தி, உலர்ந்த கலவையை விளிம்பு வரை நிரப்புங்கள். மெல்ல மெல்ல நீர் ஊற்றி, சில மணி நேரம் ஊறவிட்டு, மேற்பரப்பு பளபளக்கும்வரை மீண்டும் ஊற்றுங்கள். மொத்தம் 550 மி.லி. பிடித்தது எனில், தட்டில் 55 விழுக்காடு துளைகள். இப்போது துளைகளைத் திறந்து, வடியும் நீரைப் பிடித்து அளங்கள். 220 மி.லி. வடிந்தால், 22 விழுக்காடு இடத்தில் காற்று புகுந்துள்ளது. 33 விழுக்காடு இடத்தில் நீர் தங்கியுள்ளது. காற்றின் பங்கு ஐந்தில் ஒன்றுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. குறைந்தால் மணியின் அளவைக் கூட்டுங்கள். நீரின் பங்கு போதவில்லையென்றால் செங்கல்லையோ மக்கையோ கூட்டுங்கள். சோதனையை மரம் வாழப்போகும் அதே ஆழமுள்ள தட்டில்தான் செய்ய வேண்டும் என்பதை மறக்கலாகாது. உயரமான வாளியில் செய்தால் விடை மாறிவிடும்.

மணிகள் காலப்போக்கில் உடைகின்றன. வேர்கள் இடுக்குகளை நிறைக்கின்றன. மக்கு மேலும் மக்கிப் பொடியாகிறது. ஊற்றிய நீர் மேற்பரப்பில் தேங்கி நின்று மெதுவாக இறங்கத் தொடங்கினால் மண் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள். நம் வெப்பநிலையில் வேகமாக வளரும் ஆல், அரசு வகைகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இது தேவைப்படலாம்.

தட்டுக்கு அப்பால்

இங்கே கண்ட கணக்குகள் குறுமரத்துக்கு மட்டும் உரியவை அல்ல. பாலிதீன் பையில் வளரும் மிளகு நாற்றும், காப்பிக் கன்றும், மாடித் தோட்டத்துக் கத்தரிச் செடியும் அதே நுண்புழை விதிக்குக் கட்டுப்பட்டவைதான். நாற்றுப் பையின் உயரம் குறைவு. களி மிகுந்த மண்ணை அதில் அழுத்தி நிரப்பினால் பாதி நாற்றுகள் மழையில் அழுகும். ஒரு கன்று அழுகினால் குறுமர ஆர்வலருக்கு வருத்தம்; ஆயிரம் நாற்று அழுகினால் ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருமானம் போகிறது. இரண்டுக்கும் தடுப்பு முறை ஒன்றே.

பள்ளி, கல்லூரி மாணவர்கள் தங்கள் ஊரின் செம்மண், செங்கல், ஓடு, நார்க்கழிவு ஆகியவற்றைக் கொண்டு மேற்சொன்ன காற்றளவுச் சோதனையைச் செய்து ஓர் அட்டவணை தயாரிக்கலாம். ஒரு படி, ஓர் அளவுக்குவளை, இரண்டு சல்லடைகள், ஒரு தட்டு, இவை போதும். அந்த அட்டவணையை ஊரில் நாற்றங்கால் வைத்திருப்பவரிடம் கொடுத்தால், அவருக்கு அது அந்த மழைக்காலத்துக்கே உதவும்.